சாவா மூவாத் தகடுகள்

தரமணியில், சென்ட்ரல் பாலிடெக்னிக் வளாகத்துக்குள், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அதே தரமணியில்தான் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் திரைப்படக் கல்லூரியும் உள்ளன. பெருஞ்சாலைக்கு வந்துவிட்டால் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டைடல் பூங்காவின் கண்ணாடிச் சுவர்கள். உலகத்து வங்கிகளின் கணக்குகளும் மருத்துவமனைகளின் குறிப்புகளும் அல்லும் பகலும் கணிப்பொறிகளில் புரளும் அந்தச் சாலையின் ஓரத்தில், ஒரு நூலகம் தன் செல்வத்தின் பெரும்பகுதியைப் படச்சுருளில் ஏற்றி வைத்திருக்கிறது என்பது முதன்முதலில் கேட்பவர்க்கு வியப்பாக இருக்கும். எனக்கும் மாணவப் பருவத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த வியப்புக்கு விடை தேட வேண்டிய தேவை அண்மையில் ஏற்பட்டது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

நூலகத்தின் கதை நண்பர்களுள் பலர் அறிந்ததே. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல் என்று மதிக்கப்பட்டவற்றை மட்டுமன்றி, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று பிறர் தூக்கி எறிந்தவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. வாங்கியபின் கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்து, நுண்படமெடுத்துப் படியை மட்டும் பெற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. முதலில் முகப்பேரிலும் பிறகு தரமணியிலும் நூலகம் இயங்கிவருகிறது.

1994 என்பது குறுந்தகடு புதுமணம் வீசிய காலம். ஒரு தகட்டில் ஒரு கலைக்களஞ்சியமே அடங்கும் என்று விளம்பரங்கள் பேசின. நூறாண்டு கெடாது என்று சொன்னவர்களும் உண்டு. அப்படியிருக்கப் பழைய நுண்படச்சுருளை ஏன் தேர்ந்தார்கள்? அக்காலத்து நூலகவியலாரின் பொதுக் கருத்து தெளிவாகவே இருந்தது. பாலியெஸ்டர் அடிப்படையில் வெள்ளி உப்புப் பூசிய படச்சுருளை முறையாகக் கழுவி, குளிரும் உலர்வும் குறையாமல் வைத்தால் அதன் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 500 ஆண்டு. (அதற்கு முந்தைய அசிட்டேட் சுருள்களுக்கு இந்தப் பேறு இல்லை. அவை கெடத் தொடங்கினால் பெட்டியைத் திறந்ததும் காடி நெடி மூக்கைத் துளைக்கும்.) மூலச்சுருள் ஒன்று, அதிலிருந்து படியெடுக்கும் எதிர்ச்சுருள் ஒன்று, வாசகர் கையில் தரும் நேர்ச்சுருள் ஒன்று என்று மூன்று தலைமுறை. மூலத்தை யாரும் தொடுவதில்லை.

ஆயுளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. சுருளைப் படிக்க ஒரு விளக்கும் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும் போதும். எந்த நிறுவனம் மூடப்பட்டாலும், எந்த இயங்குதளம் வழக்கொழிந்தாலும், வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும். குறுந்தகட்டை ஞாயிற்றுக்கு எதிரே எவ்வளவு நேரம் பிடித்தாலும் வானவில்தான் தெரியும்.

இங்கிலாந்தில் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்கலாம். 1086-இல் முதலாம் வில்லியம் எடுத்த நிலக் கணக்கேடு தோலில் எழுதப்பட்டது; இன்றும் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக 1986-இல் பி.பி.சி. ஒரு புதிய கணக்கேட்டை லேசர் தகட்டில் உருவாக்கியது. பதினைந்தாண்டு கழிவதற்குள் அதைப் படிக்கும் பொறி அரிதாகிவிட்டது. பழைய கணிப்பொறியைப் போல நடிக்கும் மென்பொருளை எழுதி, 2002 அளவில்தான் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். தகட்டில் எழுதியது அழிந்துவிடவில்லை. வாசிக்கத்தான் கருவி இல்லை.

இனி என் தேவைக்கு வருகிறேன். எங்கள் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் 1984 முதல் 1996 வரை நாட்டுப்புறப் பாடல்களை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். மொத்தம் 212 கேசட்டுகள். நடவுப்பாட்டு, ஏற்றப்பாட்டு, ஒப்பாரி, சில கதைப்பாடல்கள். பதிவுகளில் பெரும்பகுதி பெருங்குடி, துரைப்பாக்கம், செம்மஞ்சேரி ஆகிய ஊர்களில் எடுத்தவை. அதாவது தரமணியிலிருந்து தெற்கே செல்லும் அந்த மென்பொருட் சாலையின் இருமருங்கும். அப்போது அங்கே நெல் விளைந்தது. பாடியவர்களில் இன்று இருப்பவர் மிகச் சிலர். நிலம் ஒன்றுகூட நிலமாக இல்லை. நடவு இல்லாத இடத்தில் நடவுப்பாட்டை இன்னொரு முறை பதிய இயலாது. ஆகவே அந்த 212 கேசட்டுகளுக்கு மாற்று கிடையாது.

அவற்றுள் 201 கேசட்டுகளைக் கணிப்பொறிக் கோப்புகளாக மாற்றிவிட்டோம். எஞ்சிய பதினொன்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஒலி ஆவணக் காப்பாளர்களின் பன்னாட்டு அமைப்பு பரிந்துரைக்கும் தரத்தில், அதாவது 96 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் அளவில், ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 2 ஜி.பி. இடம் கொள்ளும். எங்களிடம் உள்ளது 240 மணி நேரம். அரை டெராபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஒருவர் பன்னிரண்டு ஆண்டு சைக்கிளில் அலைந்து திரட்டியது சட்டைப்பையில் கொள்ளும் பெட்டிக்குள் பாதியைக்கூட நிரப்பவில்லை என்றபோது மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை.

கல்லூரி இதற்கென 40,000 ரூபாய் ஒதுக்கியது. ஒருமுறை ஒதுக்கீடு. எதில் சேமித்தால் குறைந்த செலவில் நெடுநாள் நிற்கும் என்பதே கேள்வி. தரமணிக்காரர்களின் வழி எங்களுக்கு ஆகாது; நுண்படம் எழுத்துக்குத்தான் பொருந்தும், பாட்டியின் குரல் அதில் ஏறாது.

கணினித் துறையில் உள்ள இளம் நண்பர் உடனே ஒரு வழி சொன்னார்: "கிளவுட்ல போட்டுடலாம் சார். காலேஜ் அக்கவுன்ட்டுதானே, ஃப்ரீ."

நான் மேகத்தை வெறுப்பவன் அல்லன். ஆனால் இலவசம் என்ற சொல் நெருடியது. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற இடம் தந்துவந்த கூகுள் 2021-இல் அக்கொள்கையை மாற்றி, 2022 முதல் நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் என்று வரம்பு கட்டியது. யாஹூ குழுமங்களில் நம்மவர் பல்லாண்டு எழுதிய தமிழ் மடல்களின் கதி இங்கே வருவோர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019 இறுதியில் பழைய மடல்களை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். 2020 திசம்பரில் கதவையே அடைத்தார்கள். அது வாடகை வீடு. வாடகை தராத வீட்டில் குடியிருப்பவனுக்கு அறிவிப்புக் கொடுத்ததே பெரிது. கட்டணம் செலுத்தி வைத்தாலும், செலுத்தும் பொறுப்பாளர் மாறுதலாகிப் போன ஆண்டில் என்ன ஆகும் என்பதை அரசு அலுவலகத்தையோ கல்லூரி அலுவலகத்தையோ அறிந்தவர் ஊகிக்கலாம். மூன்று படிகளில் ஒன்றாக மேகம் இருக்கலாம். ஒரே படியாக இருத்தல் ஆகாது.

குறுந்தகடு, டி.வி.டி. பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வீட்டில் எழுதும் தகட்டில் செய்தி தங்குவது ஒரு சாயப்பூச்சில். சென்னை வெயிலுக்கும் ஈரத்துக்கும் சாயம் எத்தனை நாள் தாங்கும் என்பதை நம் வேட்டிக் கரைகளே சொல்லும். எங்கள் துறையில் 2006-இல் எழுதி வைத்த அறுபது தகடுகளில் பதினேழு இன்று திறக்கவில்லை. எந்த நிறுவனத்தின் தகடுகள் என்பது இங்கே வேண்டாம். அவை எல்லாம் ஒரே அலமாரியில், ஒரே சூட்டில் கிடந்தன. பென் டிரைவ் எடுத்துச் செல்வதற்கு உரியது, வைத்துப் போற்றுவதற்கு உரியதன்று. மின்சாரம் காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் மின்னேற்றம் மெல்லக் கசியும்.

பெரிய ஆவணக் காப்பகங்கள் இன்றும் காந்த நாடாவையே நம்புகின்றன. எல்.டி.ஓ. என்னும் வகை, அதன் ஒன்பதாம் தலைமுறை நாடா ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும், முப்பதாண்டு கெடாது என்கிறார்கள். நாடா மலிவு. ஆனால் அதை எழுதவும் படிக்கவும் வேண்டிய பொறிக்குச் சில லட்சம் ஆகும். தவிர, எட்டாம், ஒன்பதாம் தலைமுறைப் பொறிகள் தமக்கு முந்தைய ஒரு தலைமுறை நாடாவை மட்டுமே படிக்கும். பாட்டன் எழுதியதைப் பேரன் படிக்க மாட்டான். ஆயிரக்கணக்கான டெராபைட் வைத்திருப்போருக்கு அது சிக்கனம். அரை டெராபைட்டுக்காரனுக்கு யானை கட்டித் தீனி போடும் கதை.

எஞ்சுவது வன்தட்டு. வகுப்பில் வன்தட்டு என்பேன். ரிச்சி தெருவில் ஹார்டு டிஸ்க் என்றால்தான் எடுத்து வைப்பார்கள். அங்கே ஒரு கடைக்காரரிடம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்டேன்.

"மூணு வருஷம் வாரன்ட்டி சார். ஆனா வாரன்ட்டி டிஸ்க்குக்குத்தான், உள்ள இருக்கறதுக்கு இல்ல."

பாதுகாப்பியல் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவான வாக்கியம் இல்லை.

வன்தட்டு கெடும். இலட்சக்கணக்கான தட்டுகளை ஓட்டிவரும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், ஓராண்டில் பழுதாவது அண்மைக்காலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை. ஒன்றே வைத்திருப்பவனுக்கு அந்த ஒன்றரை நூறாகவும் ஆகலாம். பீட்டர் க்ரோ என்ற ஒளிப்படக் கலைஞர் பரப்பிய விதி ஒன்று உண்டு: மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். எண்ணிப்பார்த்தால் நம் ஏடுகள் பிழைத்ததும் இப்படித்தான். சீவக சிந்தாமணி 1887-இல் அச்சேறியது என்றால், அதற்கு முன் அது பல ஊர்களில், பல வீடுகளில், பல கைகளால் பெயர்த்தெழுதப்பட்டுக் கிடந்தது என்று பொருள். ஓரேடு செல்லரித்த இடத்தை இன்னோரேடு நிரப்பிற்று. வளையாபதி ஏட்டை இளமையில் திருவாவடுதுறையில் கண்டதாகவும், பின்னாளில் தேடியபோது கிடைக்கவில்லை என்றும் உ.வே.சா. குறித்திருக்கிறார். படிகள் போதாத ஒரு காப்பியத்துக்கு நேர்ந்தது அது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவிலான நூல்களோடு, வேறெங்கும் படி இல்லாத கையெழுத்துச் சுவடிகளும் போயின.

ஓலை மலிவான பொருள். பனை எங்கும் இருந்தது. செலவெல்லாம் எழுதுபவன் கைக்கூலியில்தான். ஓலை சில நூறாண்டு நிற்கும். அதற்குள் இன்னொருவன் அமர்ந்து பெயர்த்தெழுத வேண்டும். அந்த ஒரு தலைமுறை சோம்பினால் கதை முடிந்தது. வன்தட்டுக்கும் இதே கணக்குத்தான், ஆனால் நூற்றாண்டுக்குப் பதில் ஐந்தாண்டு.

இங்கேதான் எனக்குக் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. சோழர் காலத்தில் கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடுகளை விடுவார்கள். சில ஊர்களில் 90. ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் "சாவா மூவாப் பேராடு". ஆடு சாகாதா, மூப்படையாதா? அடையும். ஆனால் செத்ததற்கு ஈடாகக் குட்டி எண்ணிக்கையில் சேர வேண்டும். 96 என்பது என்றும் 96. சாவாததும் மூவாததும் ஆட்டின் உடல் அன்று, கணக்கு. எம்.ஏ. வகுப்பில் இந்தத் தொடரைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். தகவல் சேமிப்பைப் பற்றி இதைவிடச் செறிவாக யாரும் சொன்னதில்லை என்பது ரிச்சி தெருவிலிருந்து திரும்பும் ரயிலில்தான் உறைத்தது.

நம் நிறுவனங்களின் நிதி ஒதுக்கீடு இந்தக் கருத்துக்கு நேர் எதிரானது. பொருள் வாங்கப் பணம் தருவார்கள்; பொருளைப் பேண ஆண்டுதோறும் தர மாட்டார்கள். கொள்முதலுக்கு ஒரு தலைப்பு இருக்கிறது, திறப்பு விழா இருக்கிறது. ஐந்தாண்டு கழித்து நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் தட்டைத் தூக்கிவிட்டுப் புதிது வாங்க வேண்டும் என்று கோப்பு எழுதினால், ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும் என்ற குறிப்போடு அது திரும்பும். இந்த ஒன்றை எண்ணும்போது தரமணியில் படச்சுருளைத் தேர்ந்தவர்களின் அறிவை மெச்சத் தோன்றுகிறது. ஒருமுறை செலவிட்டால் பல தலைமுறை நிற்கும் பொருள், ஒருமுறை மட்டுமே வரும் நல்கைக்குப் பொருத்தமானது. ஆட்டை எண்ண ஆள் இல்லாத ஊருக்குக் கல்விளக்கு வேண்டும். (அந்நூலகமும் இன்று கணிப்பொறிப் படிகள் எடுக்கிறது, எடுத்தவற்றைப் பேணும் சுமை அவர்களுக்கும் உண்டு.)

கணக்குக்கு வருகிறேன். ஒரு டெராபைட் வன்தட்டு ஒன்று 5,500 ரூபாய். மூன்று வாங்கினேன்: 16,500. மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுதியாக இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். ஒரே நோயில் மூன்றும் போகக்கூடாது அல்லவா? ஒன்று துறையில், இரண்டாம் மாடியில். ஒன்று என் வீட்டில் வேண்டாம் என்று முடிவு செய்தேன். காரணம் மழை. 2015 திசம்பரிலும் 2023 திசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நீர் எங்கு வரை நின்றது என்பதை இப்பகுதியார் அறிவர். ஒரே சதுப்பு நிலத்தின் கரையில் உள்ள இரண்டு படிகள் உண்மையில் ஒரே படிதான். ஆகவே இரண்டாம் தட்டு திருச்சியில் ஒரு நண்பரிடமும், மூன்றாவது மதுரையில் அப்பேராசிரியரின் பழைய மாணவர் ஒருவரிடமும் இருக்கின்றன. (வெள்ளத்தின் கை நீளம். 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் புகுந்து வன்தட்டு ஆலைகள் மூழ்கியபோது இங்கே ரிச்சி தெருவில் விலை ஏறியது.)

இரண்டாம் வகை ஊடகமாகத் தாளைத் தேர்ந்தோம். பாடல்களின் எழுத்துவடிவத்தை அமிலமற்ற தாளில் அச்சிட்டுக் கட்டடம் செய்ய 6,000 ரூபாய் ஆயிற்று. இதில் எதிர்பாராத ஒரு வேலை முளைத்தது. 1999-இலிருந்து தட்டெழுதிய கோப்புகள் பல வெவ்வேறு எழுத்துருக்களில் கிடந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு டாம், டாப் என்ற குறியீட்டுத் தரங்களை வகுத்தது. இணையத்தில் தகுதரம் வழங்கியது. அச்சகத்தார் தத்தம் எழுத்துருவில் எழுதினார்கள். 2010 கோவை செம்மொழி மாநாட்டையொட்டி அரசு ஒருங்குறியை ஏற்ற பிறகே பல அலுவலகங்கள் மாறின. அக்கோப்புகளைத் திறந்தால் ஒப்பாரிக்குப் பதில் உரோமன் எழுத்தும் கேள்விக்குறியும் கலந்த ஒரு மொழி வந்தது. தட்டு நன்றாக இருக்கிறது, கோப்பு முழுதாக இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை! மாற்றிகளின் துணையோடு எல்லாவற்றையும் ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, எளிய உரைக்கோப்பாகச் சேமித்தோம். ஒலிக்கும் அவ்வாறே: சுருக்காத வேவ் கோப்பு, கூடுதல் ஒப்பனை ஏதுமில்லை.

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணிப்பொறி தரும். ஒரு பிட் மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். ஆண்டுக்கொருமுறை, தை மாதத்தில், மூன்று ஊரிலும் தட்டை இணைத்து எண்களை ஒப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆடு எண்ணுவது என்று நண்பர்களுக்குள் பெயர் வைத்திருக்கிறோம்.

இத்தனையும் போக மிஞ்சிய 17,500 ரூபாயை அந்தப் பதினொரு பூஞ்சைக் கேசட்டுகளுக்கு ஒதுக்கினேன். இன்னும் நல்ல தட்டு, இன்னும் ஒரு படி என்று செலவிடலாமே என்று குழுவில் கேட்டார்கள். மூலமே படியெடுக்கப்படாமல் கிடக்கும்போது படிக்குப் படி எடுப்பதில் பொருளில்லை. நல்ல கேசட் கருவிகள் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. பழையது ஒன்றை வாங்கி, பட்டையும் தலைப்பகுதியும் மாற்றி, நாடாவைத் துடைத்துப் புதுக்கூட்டில் ஏற்றி ஓட்ட வேண்டும். எட்டு வந்துவிட்டன. ஒன்றில் பாட்டுக்கு நடுவே, தொலைவில் எங்கோ இறைப்பு இயந்திரம் ஓடும் ஓசை கேட்கிறது. இடம் பெருங்குடி என்று உறையில் எழுதியிருக்கிறது.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை மூன்று தட்டு மாற்ற ஆண்டுக்கு 3,300 ரூபாய் தேவை. அதை ஆண்டுச் செலவில் சேர்க்கக் கேட்டு எழுதினேன். நடப்பு ஒதுக்கீட்டில் இடமில்லை என்று பதில் வந்தது. ஓய்வுபெற்ற ஐயாவிடம் சொன்னபோது அவர் சற்று யோசித்து, "அப்ப ஆடு விட வேண்டியதுதான்" என்றார். ஐம்பதாயிரம் ரூபாயை வைப்புநிதியாக இட்டால் ஆறரை விழுக்காட்டில் 3,250 வரும். ஆடு குட்டி போடும், ரூபாய் தேயும் என்ற வேறுபாடு உண்டு. எனினும் ஒரு ஜி.பி.க்கு ஆகும் விலையும் நெடுநோக்கில் இறங்கியே வந்திருப்பதால் ஓரளவு ஈடாகும் என்று நம்புகிறோம். அவருடைய பழைய மாணவர்கள் ஆளுக்கு ஆயிரம் இரண்டாயிரம் என்று தருகிறார்கள். இன்று வரை 31,000 சேர்ந்திருக்கிறது.